ஓரிகன் மணற்குன்றுகளில் அயல் புல்: சாலி ஹேக்கரின் ஆய்வுகள் காட்டும் கணக்கு

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் பசிபிக் கடற்கரையில் இன்று நிற்பவருக்குக் கடலுக்கு இணையாக ஓடும் ஒரு நீண்ட மணற்சுவர் கண்ணில் படும். அதன் மேல் இடைவெளியின்றிப் புல் அடர்ந்திருக்கும். இயற்கை காலங்காலமாகக் கட்டி வைத்த அரண் என்றே பலரும் அதை எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தச் சுவருக்கு வயது ஒரு நூற்றாண்டுக்குச் சற்று கூடுதலாக இருந்தால் அதிகம். அதைக் கட்டிய இரண்டு புல்லினங்களும் மனிதர்கள் வேறிடங்களிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரும் கடற்கரைச் சூழலியலாளருமான சாலி ஹேக்கர், தம் கல்வி வாழ்வின் பெரும்பகுதியை இத்தகைய அயல் ஊடுருவல் தாவரங்களுக்கே செலவிட்டவர். அயல் தாவரம் வந்தது, நாட்டுத் தாவரம் அழிந்தது, ஆகவே பிடுங்கி எறிய வேண்டும் என்ற வரிசையில்தான் இத்துறையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முடிகின்றன. ஹேக்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வுகளைத் தொடர்ந்து படித்தால் அந்த வரிசை பாதியிலேயே நின்றுபோவதைக் காணலாம். பிடுங்கினால் யாருக்கு எவ்வளவு லாபம், யாருக்கு எவ்வளவு இழப்பு என்ற கணக்கை அவர்கள் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஒவ்வொரு கடற்கரைக்கும் ஒவ்வொரு விதமாக வருகிறது.

இப்படிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய தொடக்கக் கால ஆய்வுகளில் விடை இருக்கிறது. மெயின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்டெனெக்குடன் சேர்ந்து அவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு, கடற்பாசிகளுக்கிடையே வாழும் ஆம்பிபாட் என்ற சிற்றுயிர்களைப் பற்றியது. பாசியின் கிளையமைப்பு எப்படியிருக்கிறது, கிளைகளுக்கிடையே எவ்வளவு இடமிருக்கிறது என்பதையும் தம் உடலின் அளவையும் பொறுத்தே அவை தங்குமிடத்தைத் தேர்கின்றன என்று அது காட்டியது. ஒரு தாவரத்தின் வடிவம் அதைச் சுற்றி வாழ்பவற்றின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்ற இந்தக் கருத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மணற்குன்றுகளின் மேல் வேறு உருவில் திரும்பி வந்தது.

அடுத்து ரோட் ஐலண்டிலுள்ள பிரௌன் பல்கலைக்கழகத்தில், உவர்ச் சதுப்பு நில ஆய்வுக்குப் பெயர்பெற்ற மார்க் பெர்ட்னஸிடம் முனைவர் பட்ட ஆய்வு. அந்தக் காலத்துச் சூழலியலில் உயிரினங்களுக்கிடையிலான உறவு என்றால் போட்டியும் வேட்டையுமே முதலில் பேசப்பட்டன. ஓர் இனம் இன்னோர் இனத்துக்கு உதவுவது விதிவிலக்காகவே கருதப்பட்டது. பெர்ட்னஸும் ஹேக்கரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கண்ணோட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தது. ரோட் ஐலண்ட் அடங்கிய அமெரிக்க வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் சதுப்புகளின் மேல்விளிம்பில் ஜங்கஸ் ஜெரார்டி என்ற கோரையினத் தாவரமும் ஐவா ஃப்ரூட்டெசென்ஸ் என்ற புதரும் அருகருகே வளர்கின்றன. போட்டிதான் விதி என்றால், கோரையை அகற்றியதும் புதர் செழிக்க வேண்டும். அவர்கள் கோரையை அகற்றிப் பார்த்தபோது நடந்தது வேறு. நிழல் போனதால் மண்ணிலிருந்து நீர் வேகமாக ஆவியாகி உப்புத்தன்மை கூடியது, கோரையின் வேர்கள் சேற்றுக்குள் கொண்டுசேர்த்துவந்த ஆக்சிஜனும் இல்லாமல் போனது, புதர் நலிந்தது.

இதன் தொடர்ச்சியாக ஹேக்கர் அந்தப் புதரில் வாழும் அசுவினிப் பூச்சிகளையும் அவற்றைத் தின்னும் பொறிவண்டுகளையும் கணக்கில் சேர்த்தார். கோரை சூழ்ந்திருக்கும் புதர்களில் பொறிவண்டுகளுக்கு வந்து அமர இடம் கிடைப்பதால் அசுவினிகள் குறைவாகவே இருக்கும்; கோரை இல்லாத புதர்களில் அவை பெருகும். அப்படியானால் கோரை அசுவினிக்குப் பகையா என்றால் அதுவும் இல்லை. கோரை போனால் புதரே காலப்போக்கில் மடிந்துவிடும், அதனுடன் அசுவினிக்கு உணவும் போய்விடும். ஒரு உறவை நல்லது, கெட்டது என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது, எத்தனை கண்ணிகளைத் தொடர்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதை இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டில் காட்டுவது கடினம். 1997இல் ஸ்டீவன் கெயின்ஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இத்தகைய உதவி உறவுகள் ஓரிடத்தின் இனப் பன்மைக்கே காரணமாக இருக்கக்கூடும் என்ற பொதுவான கருத்தை அவர் முன்வைத்தார்.

இந்தப் பயிற்சியோடு பசிபிக் கரைக்கு வந்து, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வான்கூவர் வளாகத்தில் பணியாற்றியபோதுதான் அயல் ஊடுருவல் தாவரம் அவருடைய மையப் பொருளாயிற்று. அந்தத் தாவரம் ஸ்பார்ட்டினா ஆங்லிகா. அதன் பிறப்பே விசித்திரமானது. அமெரிக்க அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த ஒரு ஸ்பார்ட்டினாப் புல் கப்பல்வழியே இங்கிலாந்தின் தென்கரையை அடைந்து, அங்கிருந்த நாட்டுப் புல்லுடன் கலந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலட்டுக் கலப்பினம் ஒன்று உண்டாயிற்று. பிறகு அதன் குரோமோசோம்கள் இரட்டிப்பாகி, விதை தரும் புதிய இனமாகவே அது மாறியது. சேற்றுவெளிகளை நிலமாக்கவும் கரைகளை உறுதிப்படுத்தவும் இந்தப் புல்லை உலகின் பல பகுதிகளுக்கு விரும்பியே கொண்டுசென்றார்கள். வாஷிங்டனின் பியூஜெட் சவுண்ட் உள்கடலில் 1961இல் அது நடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் ஓதப் பரப்பில், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நிலத்தில், அது ஆங்காங்கே காலூன்றியிருந்தது.

2001இல் ஹேக்கரும் மேகன் டெதியர் உள்ளிட்ட குழுவினரும் வெளியிட்ட ஆய்வின் சிறப்பு, அந்தப் புல் ஒரே வகை நிலத்தில் மட்டும் பரவவில்லை என்பதைக் கவனித்ததில் இருக்கிறது. சேற்றுவெளி, உப்பு குறைந்த சதுப்பு, உப்பு மிகுந்த சதுப்பு, கூழாங்கல் கரை என்று நான்கு வகை இடங்களிலும் அது வளர்ந்தது. நான்கிலும் அதன் விளைவு ஒன்றாக இல்லை. ஏற்கெனவே புல் வளர்ந்திருக்கும் சதுப்பில் அது மற்றுமொரு புல். செடியே இல்லாத சேற்றுவெளியில் அது நுழையும்போது வண்டலைப் பிடித்துத் தரையையே உயர்த்தி, அங்கே மண்ணுக்குள் வாழ்ந்த உயிர்களின் உலகை மாற்றிவிடுகிறது. அகற்றிய பிறகு நிலம் மீள்வதும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. ஆண்டுதோறும் விடாமல் அகற்றிய இடங்களில் புல் குறைந்தது. இடையில் ஓரிரு ஆண்டுகள் விட்ட இடங்களில் திரும்பி வந்தது. இந்தக் கடைசிச் செய்தி சூழலியலை விட நிதி ஒதுக்கீட்டைப் பற்றியது என்று சொன்னாலும் தவறில்லை. ஒரு களையின் வேருக்கு அரசின் நிதியாண்டு தெரியாது. ஒழிப்புத் திட்டங்கள் பல தோற்பது வேலையைத் தொடங்காததால் அல்ல, இரண்டாம் மூன்றாம் ஆண்டில் கைவிடப்படுவதால்தான்.

பிறகு ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே காத்திருந்தவை மணற்குன்றுகள்.

அந்தக் கரையின் பழைய தோற்றத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முன்பு அங்கே மணல் கட்டுப்பாடின்றி நகர்ந்துகொண்டிருந்தது. நாட்டுப் புல்லான எலிமஸ் மோலிஸ் சிதறலாக வளர்ந்து தாழ்வான மேடுகளை மட்டுமே உண்டாக்கியது. அவற்றுக்கிடையே திறந்த மணல்வெளி உள்நாட்டுக்குள் வெகுதூரம் பரவிக் கிடந்தது. கரையோரம் குடியேறியவர்களுக்கு இது பெருந்தொல்லை. வீடுகளையும் சாலைகளையும் மேய்ச்சல் நிலத்தையும் மணல் மூடியது. ஐரோப்பியக் கடற்கரைப் புல்லை, அதாவது அம்மோஃபிலா அரேனேரியாவை, 1860களின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மணலைக் கட்டுப்படுத்துவதற்காக நட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஓரிகனிலும் நடப்பட்டது. கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கேயுள்ள க்ளாட்சாப் சமவெளியில் கால்நடை மேய்ச்சலால் மணல் கிளம்பிப் பெருஞ்சேதம் விளைந்தபோது, 1935இல் மண்வளப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் அங்கே இரண்டாவது புல் நடப்பட்டது. அதுதான் அமெரிக்கக் கடற்கரைப் புல், அம்மோஃபிலா பிரெவிலிகுலாட்டா. பெயரில் அமெரிக்கா இருந்தாலும் அதன் தாயகம் அட்லாண்டிக் கரையும் பேரேரிகளின் கரையுமே. பசிபிக் கரைக்கு அதுவும் அயல்தான்.

இரண்டு புற்களும் தமக்கு இட்ட வேலையைக் குறையின்றிச் செய்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மணல் மூடினால் பெரும்பாலான செடிகள் மடியும். இந்தப் புற்களோ மணல் மூட மூட அதைத் துளைத்துக்கொண்டு மேலெழும். எழுந்த இலைகள் காற்றின் வேகத்தைத் தணித்து மேலும் மணலைப் படியவைக்கும். படிந்த மணல் புல்லை மேலும் வளரத் தூண்டும். புல்லும் மணலும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழற்சியில் கடலோரத்தில் உயரமான முகப்புக் குன்று எழுந்தது. கடற்கரையிலிருந்து உள்ளே போக வேண்டிய மணலை அது தடுத்ததால் பின்னாலிருந்த திறந்த வெளிகள் நகர்வதை நிறுத்திப் புதராகவும் காடாகவும் மாறின. இளஞ்சிவப்பு மணல் வெர்பினா போன்ற, திறந்த மணலை நம்பியிருந்த நாட்டுச் செடிகள் அரிதாயின. ஸ்நோவி ப்ளோவர் என்னும் சிறிய உப்புக்கொத்தி, வெட்டவெளி மணலில் கூடின்றி முட்டையிடும் பறவை. எதிரி தூரத்தில் வரும்போதே கண்டுகொள்வது அதற்கு முக்கியமான காப்பு. அடர்புல் அந்தப் பார்வையை மறைத்தது. அதன் பசிபிக் கரைத் தொகையை அமெரிக்க அரசு 1993இல் ஆபத்துக்குள்ளானதாக அறிவித்தது.

அறியப்பட்ட கதை இவ்வளவுதான். ஹேக்கரின் குழு இதில் சேர்த்தது, இரண்டு அயல் புற்களையும் ஒன்றாகக் கட்டிப் பேசாமல் பிரித்துப் பார்த்த வேலை. ஒரே பேரினத்தைச் சேர்ந்த, பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும் இரண்டு புற்கள். பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 1994இலேயே எரிக் சீப்ளூமும் ஆல்ஃபிரட் வீடெமானும் ஒரு செய்தியைப் பதிவு செய்திருந்தார்கள். வாஷிங்டன் கரையில் முன்னே வந்த ஐரோப்பியப் புல்லைப் பின்னே வந்த அமெரிக்கப் புல் பெருமளவு வெளியேற்றிவிட்டது. அது ஆளும் குன்றுகளில் மற்றத் தாவர இனங்களின் எண்ணிக்கையும் குறைவு. ஊடுருவியதையே இன்னொன்று ஊடுருவுகிறது. பிற்காலத்தில் சீப்ளூம் ஹேக்கரின் நெருங்கிய ஆய்வுத் துணைவராக, அந்தப் பழைய அளவீடுகள் புதிய கேள்விக்கு அடித்தளமாயின. அடிப்படைக் கணக்கெடுப்பு என்றாலே இரண்டாந்தரமாகப் பார்க்கும் மனப்பான்மை பல்கலைக்கழகங்களில் உண்டு. பின்னால் வந்த ஆய்வுகளை வேறு எது இல்லாவிட்டாலும் எழுதியிருக்கலாம். அந்தப் பழைய கணக்கெடுப்பு இல்லாமல் எழுதியிருக்க முடியாது.

2012இல் வெளியான ஒப்பீட்டில் அவர்கள் கண்டது, நெற்பயிரைத் தூர் பிடித்துப் பார்க்கும் எந்த விவசாயிக்கும் புரியக்கூடிய வேறுபாடு. ஐரோப்பியப் புல் நெருக்கமாகத் தூர் கட்டி மேல்நோக்கி வளர்கிறது. ஆகவே அதிக மணலைப் பிடித்து உயரமான, குறுகலான குன்றை எழுப்புகிறது. அமெரிக்கப் புல்லின் தூர்கள் அவ்வளவு நெருக்கமில்லை. அது தரையடித் தண்டுகளால் பக்கவாட்டில் படர்ந்து தாழ்வான, அகன்ற குன்றைத் தருகிறது. இதே ஆண்டில் ஃபீபி ஸார்நெட்ஸ்கி தலைமையில் நடந்த ஆய்வு, மணல் நகரும் தளம் கொண்ட காற்றுச் சுரங்கத்தில், அதாவது செயற்கையாகக் காற்றை வீசச் செய்யும் சோதனைக் கூடத்தில், இரண்டு அயல் புற்களையும் நாட்டுப் புல்லையும் வைத்துப் பார்த்தது. மணலின் வரத்து, காற்று ஆகியவற்றோடு புல்லின் இனமும் குன்றின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது அதிலிருந்து உறுதியாயிற்று. தொட்டிகளில் மூன்று புற்களையும் சேர்த்து வளர்த்து, மணல் வரத்தைக் கூட்டியும் குறைத்தும் செய்த இன்னொரு சோதனையில் வேறொரு செய்தி கிடைத்தது: நாட்டுப் புல்லுக்கும் அயல் புற்களுக்கும் இடையிலுள்ள மறைமுக உதவிகளும் ஊடுருவலின் வெற்றிக்குக் காரணமாகின்றன. ரோட் ஐலண்டின் கோரையையும் புதரையும் படித்தவர் கண்ணில்தான் இது முதலில் படும் என்று எனக்குத் தோன்றுகிறது. போட்டியை மட்டும் தேடிப் போனவர் போட்டியை மட்டுமே கண்டு திரும்பியிருப்பார்.

குன்று சற்று தாழ்ந்தால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்விக்கு 2013இல் விடை வந்தது. ஓரிகன் கரையைத் தாக்கும் குளிர்காலப் புயல்கள் கடுமையானவை; அலைகளின் உயரம் பல பத்தாண்டுகளாகக் கூடிவந்திருப்பதை பீட்டர் ருஜியெரோ போன்ற கடற்கரை ஆய்வாளர்கள் முன்பே சுட்டிக்காட்டியிருந்தார்கள். சீப்ளூம், ருஜியெரோ, ஹேக்கர் முதலியோர் புயலின் வேகம், கடல்மட்ட உயர்வு, குன்றை ஆளும் புல் ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் இட்டு, எத்தனை இடங்களில் அலை குன்றைத் தாண்டி உள்ளே வரும் என்று பார்த்தார்கள். புயலின் தீவிரமே முதற்காரணம். ஆனால் ஐரோப்பியப் புல்லின் இடத்தை அமெரிக்கப் புல் பிடித்தால், அலை தாண்டக்கூடிய இடங்கள் மூன்று மடங்காகின்றன. சில பத்தாண்டு அளவில் பார்த்தால் கடல்மட்ட உயர்வால் வரும் ஆபத்தைப் போல் நான்கு மடங்கு ஆபத்து இந்தப் புல் மாற்றத்தால் வருகிறது. தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது கடல்மட்டத்தின் சென்டிமீட்டர்களையே எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு, ஒரு புல்லினம் இன்னொன்றின் இடத்தில் வந்து உட்காருவது அதைவிடப் பெரிதாகலாம் என்ற முடிவு எளிதில் செரிப்பதல்ல. இந்த ஆய்வு வரிசையில் அதிகம் பேசப்பட வேண்டியதும் இதுவே.

இனி உப்புக்கொத்தியின் பக்கம். அந்தப் பறவைக்காக ஓரிகன் கரையில் சில பகுதிகளைத் தேர்ந்து, புல்டோசரால் முகப்புக் குன்றைத் தள்ளிச் சமப்படுத்தி, புல்லை அகற்றி வருகிறார்கள். வேட்டையாடும் விலங்குகளைக் கட்டுப்படுத்துவது, மனித நடமாட்டத்தைத் தடுப்பது போன்ற பிற நடவடிக்கைகளும் சேர்ந்ததால் 1990களில் சில டஜன்களாகச் சுருங்கியிருந்த பறவைகள் ஓரிகனில் மீண்டும் நூற்றுக்கணக்கில் பெருகின. பறவைக்கு வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் ஸார்நெட்ஸ்கி, சீப்ளூம், ஹேக்கர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, புல்டோசர் மீண்டும் மீண்டும் ஓடும் இடங்களில் அயல் புல்லோடு நாட்டுச் செடிகளும் அடிபடுகின்றன என்று காட்டியது. ஒரு பறவையைக் காக்கும் வேலை தானாகவே அந்த நிலத்தின் செடிகளையும் காத்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது. குன்றைத் தள்ளிய இடத்தில் கடல் உள்ளே வரும் ஆபத்தும் கூடுகிறது. ரூபன் பீல் முதலாசிரியராக இருந்த 2017ஆம் ஆண்டின் ஆய்வு, கரைப் பாதுகாப்பு, உப்புக்கொத்தி, நாட்டுத் தாவரங்கள் ஆகிய மூன்று நலன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைவது எல்லாக் கரைகளிலும் ஒரே அளவில் நடப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தது. பின்னால் ஊர் இருக்கும் கரையில் குன்றைத் தள்ளுவதும், ஆளில்லாத மணல் திட்டில் தள்ளுவதும் ஒரே செயலல்ல. சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. ஆனால் ஒழிப்பா, பாதுகாப்பா என்று இரண்டாகப் பிரிந்து வாதிடும் கூட்டங்களில் இந்த எளிய செய்திக்கு எண்களோடு ஓர் ஆதாரம் தேவைப்படுகிறது.

இந்த ஆய்வுகள் எதுவும் ஒற்றை ஆளின் வேலை அல்ல என்பதைப் பெயர்களே காட்டும். செடிகளைப் படித்தவர்கள் மட்டும் இருந்திருந்தால் அலையின் கணக்கு வந்திருக்காது. அலையைப் படித்தவர்கள் மட்டும் இருந்திருந்தால் எல்லாப் புல்லும் ஒரே புல்லாகவே எண்ணப்பட்டிருக்கும். மாணவர்களாக வந்தவர்கள் முதலாசிரியர்களாக வளர்ந்ததும், ஒரே கரையை ஒரே முறையில் பல ஆண்டு அளந்ததும் இந்தத் தொடருக்குப் பலம். கெயின், போமன் ஆகியோருடன் இணைந்து ஹேக்கர் எழுதிய சூழலியல் பாடநூல் பல பதிப்புகள் கண்டிருக்கிறது. அதிலும் சதுப்பின் கோரை ஒரு பாடமாக இடம்பெற்றிருக்கிறது.

பின்னர் அவருடைய குழு அதே கேள்வியை நாட்டின் மறுகரைக்கு எடுத்துச் சென்றது. வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுக்கரைகளில் வளரும் நான்கு புல்லினங்களை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், பசிபிக் கரையில் அயலாக இருந்த அதே அமெரிக்கக் கடற்கரைப் புல்லும் ஒன்று. அங்கே அது தன் தாயகத்தின் தென் எல்லையை ஒட்டி, கரையைக் காக்க நடப்படும் புல்லாக இருக்கிறது. மணல் வரத்தும் துணைப் புற்களும் மாறும்போது ஒரே செடி வேறு வடிவக் குன்றைத் தரும் என்பதால், ஒரு கரையில் கிடைத்த முடிவை மறுகரைக்கு அப்படியே பெயர்த்து நடமுடியாது.

இதற்கிடையில் பசிபிக் கரையிலேயே ஒரு புதிய வரவு. அங்கே ஐரோப்பியப் புல்லும் அமெரிக்கப் புல்லும் சந்திக்கும் பகுதியில், இரண்டிலும் சேராத சில செடிகள் கண்ணில் பட்டன. ரெபெக்கா மோஸ்டோ, ஃபெலிபே பரெட்டோ, ஹேக்கர் உள்ளிட்டோர் மரபணுச் சோதனை செய்து, அவை இரண்டு புற்களும் கலந்து பிறந்த கலப்பினம் என்று 2021இல் உறுதி செய்தார்கள். உலகின் வெவ்வேறு கரைகளிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை அடுத்தடுத்து வளர்ந்ததால் மட்டுமே இது நேர்ந்தது. அதன் பண்புகள் பெற்றோர் இருவரிடமிருந்தும் கலந்து வந்திருக்கின்றன. பியூஜெட் சவுண்டின் ஸ்பார்ட்டினாவும் இப்படி ஒரு கலப்பில் தொடங்கியதுதான்; அது மலட்டுத்தன்மையைத் தாண்டிய பிறகே உலகெங்கும் பரவியது. ஆகவே புதிய புல் விதை வழியே பெருகுமா, பெற்றோருடன் மறுபடி கலக்குமா என்பது முதல் கேள்வி. அது எழுப்பும் குன்று ஐரோப்பியப் புல்லின் உயரத்தை நெருங்குமா, அமெரிக்கப் புல்லின் அகலத்தோடு தங்குமா என்பது அடுத்தது. 2013இல் போட்ட அலைக் கணக்கில் இரண்டு புற்களுக்கு மட்டுமே இடமிருந்தது. மூன்றாவதன் தூர் அடர்த்தியும் அது பிடிக்கும் மணலின் அளவும் தெரிந்தால்தான் அந்தக் கணக்கை மறுபடி போட முடியும்.